கருவாடு போகாத தெரு

— அப்ப கூடைய எங்கன வச்சுட்டு வந்த, சாலோமி?

— ஸ்டேஷன் பக்கத்துல, ஆலமரத்தடியில. எங்கூட யாவாரம் பண்ணுத அன்னத்தாயக் காவலுக்கு உக்கார வச்சுட்டு வந்திருக்கேன், வக்கீலய்யா. உங்க தெருவுக்குள்ள அது வந்தா எனக்கு அபராதம்லா. கையக்கூட சீயக்கா போட்டுக் கழுவிட்டுத்தான் படியேறினேன், பாத்துக்கிடுங்க.

— போன சந்தையன்னைக்கே பெஞ்சுக் கோர்ட்டுல அபராதத்தக் கெட்டிட்டியே. கெட்டின பொறவு இந்த நமச்சிவாயம் பிள்ளை உனக்கு என்னத்துக்கு?

— கெட்டினத வாங்கித் தாங்கன்னு வரல ஐயா. அந்தச் சட்டத்த எனக்கு ஒருக்க வாசிச்சுக் காட்டுங்க. கோர்ட்டுல இங்கிலீசுல வாசிச்சாவ. குத்தமான்னு கேட்டாவ. பக்கத்துல நின்ன குமாஸ்தா 'ஆமான்னு சொல்லு'ன்னான். ஆமான்னு சொல்லிட்டேன். என்னத்த மீறினேன்னு இன்னும் எனக்குத் தெரியாது.

— தமிழ்ல இருக்கு, கேளு. 'முனிசிபல் எல்லைக்குட்பட்ட நான்கு ரத வீதிகளிலும் எவரும் கருவாட்டைத் தலைச்சுமையாகவோ, வண்டியிலோ, வேறு எவ்விதமாகவோ கொண்டுசெல்லலாகாது. மீறுவோர் அபராதத்துக்கு உள்ளாவர்.' உன் காரியத்துக்கு அம்புட்டுத்தான், கேட்டியா. இதுக்குப் பேரு பைலா. நம்ம கவுன்சில் போட்டது.

— எவரும்னு போட்டிருக்காவளா?

— எவரும். உன்னத் தனியாச் சொல்லல. சேர்மன் கொண்டு போனாலும் குத்தந்தான்.

— சேர்மன் எந்தக் காலத்துல ஐயா கருவாட்டுக் கூடை சொமந்தாரு?

— இத நீ பெஞ்சுக் கோர்ட்டுல கேட்டிருக்கணும்.

— கேக்க விட்டாவளா? ஐயா, ரயிலு இந்தப் பக்கம் வந்து நிக்கி. சந்தை அந்தப் பக்கம் இருக்கு. நடுவுல உங்க நாலு தெரு. ராசா டெல்லிக்கு வந்து முடிசூட்டினாருன்னு ஊரெல்லாம் தோரணம் கெட்டினாவல்லா, அப்ப தெருவச் சுத்தம் பண்ணுதோம்னு ஆரம்பிச்சது இது. தோரணம் அன்னைக்கே காஞ்சு விழுந்துட்டு. சட்டம் விழல. இப்ப ஆத்தோரமா, வயக்காட்டு வரப்புல சுத்திப் போவுதோம். கார்த்திகை மழையில அன்னத்தாய் கூடையோட வாய்க்கால்ல விழுந்தா. சரக்கு பூரா தண்ணியோட போச்சு. அடுத்த சந்தை வரைக்கும் அவ வீட்டுல ஒல வைக்கல.

— எனக்கும் தெரியும் சாலோமி. இந்தத் தெருவுல வீடு வீடா மகஜர் கொண்டு வந்தாவ, கருவாட்டத் தடுக்கணும்னு. எங்கிட்டயும் நீட்டினாவ. நான் கையெழுத்துப் போடல.

— கருவாடு பிடிக்குமோ?

— சிவ சிவா. எனக்கு அந்த வாடை ஆகவே ஆகாது. நீ கழுவிட்டு வந்த கையே இங்கன உக்காந்திருக்க எனக்குத் தெரியுது. ஆனா எனக்கு ஆகலங்கதுக்காக ஊருக்கே சட்டம் போட ஆரம்பிச்சா, எனக்கு ஆகாதது ஒண்ணா ரெண்டா?

— அப்ப இந்தச் சட்டத்த எடுக்கதுக்கு வழி இருக்கா? கவர்னரு சம்மதம் வாங்கித்தான் போட்டதுன்னு சொல்லிக்கிடுதாவ. துரையே சம்மதிச்சத ஒரு கோர்ட்டு மாத்துமா?

— மாத்தலாம். பைய, பொறுமையாக் கேளு. கவுன்சிலுக்குன்னு சொந்தமா ஒரு அதிகாரமும் கிடையாது. மெட்ராஸ் சட்டசபை ஒரு சட்டம் போட்டு, 'இன்னின்ன காரியத்துக்கு நீ விதி போட்டுக்கோ'ன்னு குடுத்திருக்கு. குடுத்ததுக்குள்ள நின்னு போட்டா விதி. அதத் தாண்டிப் போட்டா, கவர்னரு முத்திரை இருந்தாலும் அது வெறுங்காயிதம். உங்க ஊருப்பக்கம் கொளத்துல மடை இருக்கும்லா?

— சாத்தாங்கொளத்துப் பக்கம் கொளமே பாதி நாளு காஞ்சுதான் கெடக்கும். இந்த ஊருல பாத்திருக்கேன். சொல்லுங்க.

— மடைக்குக் காவல் வச்ச ஆளு என்ன செய்யலாம்? இன்னைக்குத் தெறக்கலாம், நாளைக்கு அடைக்கலாம், மேலக்காட்டுக்கு இம்புட்டு, கீழக்காட்டுக்கு அம்புட்டுன்னு மொறை வைக்கலாம். மடையவே மண்ணு போட்டு மூடிட்டு, 'எனக்கு அதிகாரம் இருக்கு'ன்னு சொல்லலாமா?

— வெட்டிப் போட்டுருவாவ.

— அதுதான் நம்ம கட்சி, நம்ம வாதம். தெருவ ஒழுங்கு பண்ணச் சொல்லித்தான் கவுன்சிலுக்குக் குடுத்திருக்கு. கூடைய மூடிக் கொண்டு போன்னு சொல்லலாம், தேரோடுத அன்னைக்கு வராதன்னு சொல்லலாம். என்னைக்கும் வராதன்னு சொல்லலாமான்னு ஹைகோர்ட்டு ஜட்ஜிமாருதான் சொல்லணும்.

— அப்ப மெட்ராஸுக்கு எழுதுங்க ஐயா.

— சும்மா எழுதிக் கேட்டா அவங்க வாயத் தெறக்க மாட்டாங்க. மீறின ஆளு வேணும். பிடிச்ச ஆளு வேணும். தண்டிச்ச தீர்ப்பு வேணும். அந்தத் தீர்ப்பு சரியா தப்பான்னுதான் கேக்க முடியும், கேட்டியா. நீ குத்தத்த ஒத்துக்கிட்டு, பணத்தையும் கெட்டி, அதுக்குக் கதவ அடைச்சுட்ட.

— நாளைக்கே இன்னொருக்க வாரேன்.

— இரு, இரு. வாரதுன்னா நான் சொல்லுத மாதிரி வரணும். கூடைக்கு மேல வாழையிலை போட்டு, அதுக்கு மேல ஓலைப்பெட்டி கவுத்துக் கொண்டு வா. தெருவுல நின்னு விக்காத. யாரையும் வையாத. கோர்ட்டுல கேட்டா, 'கொண்டு போனது மெய், அது குத்தம் இல்ல'ன்னு மட்டும் சொல்லு. அபராதம் போட்டா கெட்டாத.

— கெட்டலன்னா?

— உள்ள வைப்பாவ.

— ஓலைப்பெட்டி வீட்டுலயே இருக்கு ஐயா. வாழையிலைதான் வாங்கணும்.

*

— கம்பிகிட்ட வராதீங்க ஐயா. இங்கன மூத்திர வாடை. இதுக்குக் கருவாடே தேவல.

— நான் வாடை பாக்க வரல. உன் கொழுந்தன் நேசையா வாத்தியாரு வெளிய நிக்காரு, சாலோமி. சபையில வசூல் பண்ணி அபராதப் பணத்தோட வந்திருக்காரு. இப்பவே கெட்டினா இப்பவே உன்ன விட்டுருவாவ.

— கெட்டப்படாதுன்னு சொல்லிருங்க.

— சொன்னேன். அவரு அழுதாரு. மிஷன் பள்ளிக்கூடத்துல பிள்ளையளுக்கு முன்னால நிக்க முடியலயாம். 'வாத்தியாரோட மைனி செயில்ல இருக்கா'ன்னு அவரு காதுபடப் பேசுதாவளாம்.

— நல்ல மனுசன்தான். என் வீட்டுக்காரரு போன பொறவு எங்களுக்கு அரிசி அளந்தது அவருதான். ஆனா இதுக்கு அழுதா நான் என்ன செய்ய? அபராதத்தக் கெட்டினா மெட்ராஸுல கேக்க முடியாதுல்லா?

— கேக்கலாம். இந்தத் தடவ நீ குத்தத்த ஒத்துக்கிடல, அதனால சட்டப்படி தடை இல்ல. ஆனா, 'சின்ன அபராதம், கெட்டியும் தீந்துட்டு, இதுல எங்களுக்கு என்ன வேல'ன்னு தள்ளிருவாங்களோன்னு எனக்குப் பயம். நீ உள்ள இருக்கன்னு எழுதினா காயிதக் கட்ட எடுத்துப் பிரிப்பாங்க. மெய்யச் சொல்லுதேன், முடிவு உன்னோடது.

— நான் இருக்கேன்.

— சரி. நேத்து நான் தென்காசிக் கோர்ட்டுல மாட்டிக்கிட்டேன். என் குமாஸ்தா வந்து அரையும் கொறையுமாச் சொன்னான். நடந்தத உன் வாயால சொல்லு. மனுவுல நான் எழுதணும்.

— எங்கன இருந்து சொல்ல? மொத ரெண்டு தடவ என்னப் பிடிக்கவே இல்ல ஐயா. தெருமுனையில வன்னியராஜ் போலீசு நிக்காரு. என் கூடையக் கண்டதும் சுவரப் பாத்துத் திரும்பிக்கிடுதாரு. கிட்டப் போயி, 'அண்ணாச்சி, கருவாடு'ங்கேன். 'எனக்குக் கண்ணு சரியில்ல, போ'ங்காரு.

— உன் பின்னால நான் இருக்கேன், பிடிச்சா மெட்ராஸுக்குக் கொண்டு போவேன்னு சேர்மனுக்குத் தெரிஞ்சுட்டு.

— அப்பறம் சுகாதார இன்ஸ்பெக்டரு வீட்டுக்கே வந்தாரு. 'சேர்மன் ஐயா மனசிரங்கி இருக்காவ. நீ விதவை, உனக்கு மட்டும் விட்டுருதோம். சத்தங்காட்டாம போயிட்டு வா'ன்னாரு. அன்னத்தாய்க்குன்னு கேட்டேன். 'அவளப் பிடிப்போம், சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா'ன்னாரு.

— வாயால சொன்னாரா? யாராவது கேட்டாவளா?

— தெருவே கேட்டுது. மறுசந்தைக்கு நானும் அன்னத்தாயும் ஒண்ணாப் போனோம். ஒரே மாதிரி கூடை, ஒரே மாதிரி இலை. அவளப் பிடிச்சாவ, என்ன விட்டுட்டாவ. நான் பின்னாலயே கோர்ட்டுக்குப் போயி, என் கூடைய அவ கூடைக்குப் பக்கத்துல எறக்கி வச்சேன்.

— கோர்ட்டு வராந்தாவுலயா?

— உள்ள. பெஞ்சுக்கு முன்னால. 'உன் மேல பிராது இல்ல, வெளிய போ'ன்னாரு நடுவுல உக்காந்திருந்தவரு. 'எசமான், நான் போயி நாலு தெருவையும் இன்னொரு சுத்து சுத்திட்டு வாரேன். அப்பவும் என் மேல பிராது இல்லன்னா, இவ மேல மட்டும் எப்படி இருக்கும்னு சொல்லுங்க'ன்னேன். யாரையும் வையல, பாத்துக்கிடுங்க. சனம் சிரிச்சுட்டு. அதுதான் அவருக்கு ஆகல. மொகம் செவந்து, இன்ஸ்பெக்டரக் கூப்பிட்டு, 'இவ மேலயும் எழுதும் வே'ன்னாரு. இன்ஸ்பெக்டரு சேர்மன் குமாஸ்தாவப் பாத்தாரு. அவன் தலையில கை வச்சுட்டு உக்காந்திருந்தான்.

— குத்தமான்னு கேட்டாவளா?

— கேட்டாவ. 'கொண்டு போனது மெய். அது குத்தம் இல்ல'ன்னேன். எழுதிக்கிட்டு ரெண்டு பேருக்கும் அபராதம் போட்டாவ. நான் கெட்ட மாட்டேன்னுட்டேன். அன்னத்தாய் பயந்து பணத்தக் கெட்டிட்டா. அவளக் கொறை சொல்லாதீங்க, அவளுக்குக் கைப்பிள்ளை இருக்கு.

— கொறை சொல்லல. சாலோமி, இன்னொண்ணும் நீ தெரிஞ்சுக்கிடணும். நாம தோத்துப் போகலாம். 'ஊரு நெலவரம் கவுன்சிலுக்குத்தான் தெரியும், நாங்க மெட்ராஸுல இருந்து கை வைக்கமாட்டோம்'னு சொல்லுத ஜட்ஜிமாரு உண்டு. மூடத்தனமான விதியா இருந்தாலும், அதிகாரத்துக்குள்ள இருந்தா விட்டுருவாங்க. கோர்ட்டு பாக்குதது நல்ல சட்டமா கெட்ட சட்டமான்னு இல்ல. போட அதிகாரம் இருந்துதா, எல்லாருக்கும் ஒரே மாதிரி விழுதா, நியாயமுள்ள மனுசன் இப்படி ஒண்ணப் போடுவானா. இம்புட்டுத்தான் பாக்கும்.

— தோத்தா என்ன ஆவும்?

— இப்ப இது ஒரு ஊரு கவுன்சில் போட்ட விதி. தோத்தா ஹைகோர்ட்டே சரின்னு சொன்ன விதியாப் போவும். அடுத்த ஊருக்காரனும் போடுவான்.

— உங்களுக்கு என்ன ஆவும்?

— எனக்கு என்ன. கோயில்ல பூசை முடிஞ்சு வீட்டுக்கு வார தேங்காமுறி நின்னு போச்சு. என் தங்கச்சி மகளுக்குப் பேசியிருந்த எடத்துல, இப்ப சாதகம் பொருந்தலங்காவ.

— அய்யோ.

— சாதகம் போன மாசம் பொருந்திச்சு. அத விடு. இந்த வக்காலத்துக் காயிதத்துல கைநாட்டு வை. இந்தா, கம்பிக்கு உள்ள கை வரும்.

— கைநாட்டு எதுக்கு? கையெழுத்தே போடுவேன் ஐயா. மிஷன்ல படிச்சிருக்கேன். அந்தப் பேனாவக் குடுங்க.

*

— சுருக்கச் சொல்லாதீங்க ஐயா. செயில்ல இருந்து வந்த நாள்ல இருந்து இதுக்குத்தான் காத்துக் கெடக்கேன். ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. ஜட்ஜி எத்தன பேரு?

— ரெண்டு பேரு. ஒருத்தர் வெள்ளைக்காரர், ஒருத்தர் நம்மவர். வாதாடினது மெட்ராஸ் வக்கீல், கேட்டியா. நான் பின்னால உக்காந்து காயிதம் எடுத்துக் குடுத்தேன். கவுன்சிலுக்கு ஒரு பெரிய வக்கீல் வந்திருந்தாரு. எடுத்த எடுப்புல, 'பிரபுக்களே, மனுசன் தாங்க முடியாத துர்நாற்றம்'னு ஆரம்பிச்சாரு.

— பொய்யில்லையே.

— வெள்ளைக்கார ஜட்ஜி பைலாவக் கையில எடுத்து, 'இதுல துர்நாற்றம்னு எங்க எழுதியிருக்கு?'ன்னாரு. அந்த வக்கீல் தேடினாரு. இல்ல. 'தகரப்பெட்டியில போட்டுப் பூட்டி, இண்டு இடுக்கெல்லாம் மெழுகு வச்சு அடைச்சுக் கொண்டு போனா?' 'அதுவும் குற்றந்தான், பிரபு.' 'அழுகின மாட்ட வண்டியில போட்டு அதே தெருவுல கொண்டு போனா?' 'அதுக்கு இந்த விதியில தடை இல்ல, பிரபு.' 'அப்ப நீங்க தடுத்தது நாத்தத்த இல்ல, கருவாட்ட'ன்னாரு.

— கெட்டிக்காரரு.

— அடுத்தது நம்மவரு. அவரு கேட்டாரு: 'அந்தத் தெருவுல குடியிருக்கவன் தன் வீட்டுக்குள்ள கருவாடு திங்கலாமா?' 'தாராளமா.' 'அவன் வீட்டுக்கு அது எந்த வழியா வரும்?' கோர்ட்டே சிரிச்சுட்டு.

— தீர்ப்ப வாசிங்க.

— நான் தமிழ்ல எழுதிக் கொண்டாந்திருக்கேன். 'ஒழுங்குபடுத்தும் அதிகாரம், ஒழுங்குபடுத்தப்படும் காரியம் தொடர்ந்து நடக்கும் என்பதை ஒப்புக்கொண்ட அதிகாரம். அதை அடியோடு ஒழிப்பது அதற்குள் அடங்காது. மேலும், எவரும் என்று சொன்ன போதிலும் இவ்விதி ஒரே தொழிலால் பிழைப்பாரைத் தவிர வேறெவர் தலையிலும் விழவில்லை. ஆகவே இது செல்லாது. தண்டனை ரத்து.'

— இன்னொருக்க வாசிங்க. அந்தக் கடைசி வரிய.

— 'ஆகவே இது செல்லாது. தண்டனை ரத்து.'

— எனக்கு ரத்தானது கெடக்கட்டும் ஐயா. அன்னத்தாய் இனிமே வரப்புல நடக்க வேண்டாம்லா?

— வேண்டாம். கூடைய மூடணும்னு கவுன்சில் புது விதி ஒண்ணு போடும். அது செல்லும். அத நீ கேக்கணும்.

— கேக்கேன். மூடதுல எனக்கு என்ன. நான் போயி எல்லார்ட்டயும் சொல்லணும். வாரேன் ஐயா.

— உக்காரு சாலோமி. இன்னும் ஒண்ணு இருக்கு. இத உங்கிட்ட நான்தான் சொல்லணும். அந்த பைலாவுல ரெண்டாவதா ஒரு வரி இருக்கு. அது இன்னும் விழல.

— பூரா செல்லாதுன்னுதான வாசிச்சிய?

— நம்ம மனு மொத வரியப் பத்தித்தான். கேட்டதுக்குத்தான் கோர்ட்டு பதில் சொல்லும், கேக்காததத் தொடாது. ரெண்டாவது வரிய வாசிக்கேன். 'வேதக்கோயில் தெருவில் எவரும் ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ எவ்விதமாகவும் கொண்டுசெல்லலாகாது.'

— அது எங்க தெருல்லா.

— உங்க தெருதான். எங்க தெருக்காரங்க மகஜர் குடுத்த கையோட உங்க சபையாரும் ஒண்ணு குடுத்திருக்காவ. ரெண்டையும் சேத்து ஒரே பைலாவாப் போட்டாரு சேர்மன்.

— ஐயா, தோலு வேற. பச்சத் தோல்ல ரத்தம் சொட்டும். ஈ மொய்க்கும். ஞாயித்துக்கிழம ஆராதனைக்கு நாங்க வெள்ளச் சேலை கெட்டிட்டுப் போற வழி அது. அந்த வாடை மனுசன் தாங்க முடியாது.

— ம்.

— என்ன ம்?

— மெட்ராஸுல எதுத்தாப்புல நின்ன வக்கீலும் இதத்தான் சொன்னாரு. உன் அளவுக்கு அழகாச் சொல்லல.

— உங்களுக்கு இதெல்லாம் யாரு சொன்னா?

— பொறவாசல்ல ஒருத்தி உக்காந்திருக்கா. ஹமீது பீவி. கசாப்புக்கடையில தோல் எடுத்து மண்டிக்குச் சொமக்கவ. உன் தீர்ப்பு வந்ததக் கேட்டு வந்திருக்கா. கூப்பிடட்டா?

— கூப்பிடுங்க.

— பீவி, உள்ள வாம்மா. இவதான் சாலோமி.

— இவகளத் தெரியும் வக்கீலய்யா. சந்தையில இவக எடத்துக்கு எதுத்தாப்புலதான் நம்ம தோல் மண்டி. அல்லா பரக்கத் செய்யட்டும் மைனி, செயிலுக்குப் போயி நாலு தெருவத் தெறந்துட்டிய.

— உக்காருங்க பீவிம்மா. எங்க தெரு வழியா உங்கள விட மாட்டேங்காவளாமே.

— மெய்யாத்தான் மைனி. உங்க தெருவ விட்டா காட்டுவழிதான், முழங்காலு வரைக்கும் முள்ளு. எங்க வீட்டுக்காரரு வாதத்துல படுத்த பொறவு நான்தான் சொமக்கேன். மெட்ராஸுல கவுன்சில் தோத்துட்டுன்னு தந்தி வந்த நாள்ல இருந்து இன்ஸ்பெக்டரு என்னப் பிடிக்க மாட்டேங்காரு. 'போ, போ'ங்காரு. தெருவுக்குள்ள போனா வெளக்கமாத்தோட நிக்காவ. 'சட்டம் இருக்குடி'ங்காவ.

— யாரு நிக்கா?

— பேரு சொல்ல மாட்டேன் மைனி. உங்களுக்கு வேண்டப்பட்டவுகதான்.

— தோல எப்படிக் கொண்டு வாரிய?

— உப்புப் போட்டு மடிச்சு, கோணிச்சாக்குல கெட்டி, மேல பாயச் சுத்தித்தான். ரத்தம் சொட்டாது. வாடை இருக்கும். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்.

— என் கூடையிலயும் இருக்கும்.

— நான் வக்காலத்து வாங்கத் தயார், சாலோமி. ஆனா கையில என்ன இருக்கு? கவுன்சிலுக்கு இன்னொருக்க தோக்கப் பயம், வழக்கே போட மாட்டேங்காவ. வழக்கு இல்லன்னா தீர்ப்பு இல்ல. தீர்ப்பு இல்லன்னா நான் எத மெட்ராஸுக்குக் கொண்டு போவேன்? விதி பொத்தகத்துல உசுரோட இருக்கும், இவ முள்ளுல நடப்பா.

— தெருக்காரவ யாராவது எழுத்துல பிராது குடுத்தா கவுன்சில் வழக்கு எடுத்துத்தான ஆகணும்?

— மேல கலெக்டருக்கும் ஒரு நகல் போனா, எடுக்காம இருக்க முடியாது. உன் தெருவுல எவன் குடுப்பான்? வெளக்கமாறு இருக்கையில பிராது எதுக்குன்னு இருப்பாவ. நீ இதுக்குள்ள வராத, சாலோமி. உன் தெரு உன்னச் சும்மா விடாது.

— உங்க தெரு உங்கள விட்டுச்சா?

— என் கதை வேற.

— ஒண்ணும் வேற இல்ல. பீவிம்மா, நாளைக்குக் காலையில தோலோட எங்க தெரு வழியா வாங்க. நடுத்தெருவுல, மெதுவா. வெளக்கமாத்தோட ஒருத்தியும் நிக்காம நான் பாத்துக்கிடுதேன்.

— அப்பறம் மைனி?

— பிராது நான் குடுக்கேன். நீங்க அபராதம் மட்டும் கெட்டிராதிய.